‘என்’ என்ற சொல்லை கேஷ் பண்ணலாமா?

“அண்ணாச்சி, என் கணக்கு எவ்ளோ ஆச்சு?”

பற்று நோட்டு வைத்துக் கொடுக்கும் மளிகைக் கடையில் மாதக் கடைசியில் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. பத்து பேர் கேட்டாலும் வார்த்தை மாறாது. பதில் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அண்ணாச்சி முகத்தைப் பார்க்கிறார், அவருடைய நோட்டை எடுக்கிறார், கூட்டிச் சொல்கிறார். கடைக்குப் புதுசா ஒரு சுறுசுறுப்பான பையன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். “ஒரே கேள்விக்கு எத்தன தடவ நோட்டைப் புரட்டுறது?” என்று, ‘என் கணக்கு எவ்வளவு? 840 ரூபாய்’ என ஒரு சீட்டில் எழுதி கல்லாவுக்கு மேலே ஒட்டிவிடுகிறான். அதற்கப்புறம் யார் கேட்டாலும் 840தான். வேகம் வந்துவிட்டது, கணக்கு போய்விட்டது.

லாகின் செய்த பயனருக்கு உரிய பதிலைக் கேஷ் பண்ணும்போது வருகிற பிரச்சினை மொத்தமும் இந்தச் சீட்டில் இருக்கிறது. ‘என்’ என்ற சொல்லுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. யார் சொல்கிறார் என்பது தெரிந்தால்தான் அர்த்தம். அந்த ‘யார்’ என்பதை விட்டுவிட்டு கேள்வியை மட்டும் சாவியாக வைத்தால், ஒருவர் வீட்டு விவரம் இன்னொருவர் திரையில் போய் நிற்கும். இது ஏன் நடக்கிறது, எப்படித் தவிர்ப்பது என்று எனக்காக எழுதி வைத்த குறிப்புகளைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

மெத்தடுக்கு ஞாபகம் கொடுப்பது

ஒரு மெத்தடைக் கூப்பிட்டு வந்த பதிலைச் சேமித்து வைத்து, அதே இன்புட் மறுபடி வந்தால் கணக்குப் போடாமல் சேமித்ததையே கொடுப்பது பழைய யோசனை. 1968இல் டொனால்ட் மிக்கி இதை ‘மெமோ ஃபங்ஷன்’ என்ற பெயரில் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். இன்றைக்கு ஜாவாவின் ஸ்பிரிங்கில் மெத்தடுக்கு மேலே ‘கேஷபிள்’ என்று ஒரு குறி போட்டால் போதும். பைதானில் ‘எல்ஆர்யூ கேஷ்’ ஒரு வரி. டேட்டாபேஸ் சுமை குறையும், பக்கம் சட்டென்று வரும்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: அதே இன்புட் கொடுத்தால் அதே பதில் வரவேண்டும். பதில் எதையெல்லாம் சார்ந்திருக்கிறதோ அதெல்லாம் சாவிக்குள் இருக்க வேண்டும் என்றும் இதையே சொல்லலாம்.

இப்போ இந்த இரண்டு மெத்தடையும் பாருங்கள்:

என்_வீடுகள்()

வீடுகள்(பயனர்_எண்)

இரண்டும் கொடுப்பது ஒரே பட்டியல்தான். ஆனால் முதலாவது, பயனர் யார் என்பதை வாசல் வழியாக வாங்குவதில்லை. உள்ளே போய், லாகின் விவரம் இருக்கிற இடத்திலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. ஸ்பிரிங் செக்யூரிட்டியில் இந்த விவரம் வழக்கமாக அந்த த்ரெட்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது, கேஷுக்கும் தெரியாது. ஸ்பிரிங் தானாக உருவாக்கும் சாவி, மெத்தடுக்கு அனுப்பிய அளவுருக்களை வைத்து மட்டுமே உருவாகிறது. அளவுருவே இல்லையென்றால் எல்லோருக்கும் ஒரே ‘காலி’ சாவி. முதலில் லாகின் செய்தவரின் வீட்டுப் பட்டியல் அந்தக் காலி சாவிக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும். அடுத்து வருகிற எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

எழுதினவர் கவனக்குறைவானவர் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்த மெத்தட் கேஷ் இல்லாமல் சரியாகவே ஓடுகிறது. கேஷபிள் குறியும் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. சரியான இரண்டு விஷயங்களைச் சேர்த்ததில் பிறக்கிற தவறு இது. அதனால்தான் கோடைப் படிக்கும்போது கண்ணில் படுவதில்லை.

பெரிய இடங்களில் நடந்தது

2015 டிசம்பர் 25, ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளம். கிறிஸ்துமஸ் விற்பனை நேரத்தில் தாக்குதல் போக்குவரத்து குவிந்தது. அதைத் தாங்குவதற்காகப் போட்ட கேஷ் அமைப்பு ஒன்று, லாகின் செய்தவர்களின் பக்கங்களையும் பொதுப் பக்கம் மாதிரி சேமிக்க ஆரம்பித்தது. சுமார் ஒன்றரை மணி நேரம், ஒருவருக்காகத் தயாரான பக்கம் இன்னொருவருக்குப் போனது. ஏறத்தாழ 34,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று நிறுவனமே சொன்னது. பக்கத்தைப் பொறுத்து பில் முகவரி, மின்னஞ்சல், வாங்கிய பொருட்களின் வரலாறு, கார்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் போன்றவை தெரிந்தன.

2023 மார்ச் 20, சாட்ஜிபிடி. சிலருக்கு மற்றவர்களுடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. இது சாவித் தவறு இல்லை. ரெடிஸ் கேஷோடு பேசும் பைதான் லைப்ரரியில் ஒரு பிழை. ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு நடுவில் ரத்து செய்தால், அதற்கான பதில் அதே இணைப்பில் தங்கிவிடும். அந்த இணைப்பை அடுத்து எடுத்தவருக்கு முந்தையவரின் பதில் கிடைக்கும். ஒன்பது மணி நேர இடைவெளி ஒன்றில் செயல்பாட்டில் இருந்த பிளஸ் சந்தாதாரர்களில் 1.2 சதவீதம் பேரின் பெயர், மின்னஞ்சல், பில் முகவரி, கார்டின் கடைசி நான்கு இலக்கம் போன்றவை வெளிப்பட்டிருக்கலாம் என்று ஓபன்ஏஐ அறிவித்தது.

இந்த இரண்டாவது சம்பவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. சாவி சரியாக இருந்தாலும் மட்டும் போதாது. கேஷிலிருந்து வந்த சரக்கு கேட்டவருடையதுதானா என்று திறந்தும் பார்க்க வேண்டும். ஓபன்ஏஐ பிழையைத் திருத்திய பிறகு இந்தச் சோதனையைக் கூடுதலாகச் சேர்த்தது. செய்வது சுலபம். மதிப்போடு சேர்த்து உரிமையாளரின் எண்ணையும் உள்ளே எழுதி வையுங்கள். எடுக்கும்போது லாகின் எண்ணோடு பொருந்தாவிட்டால் தூக்கி எறிந்துவிட்டு டேட்டாபேஸுக்குப் போங்கள், லாகில் சத்தமாக ஒரு வரி எழுதுங்கள். ஒரு ஒப்பீட்டுக்கு ஆகும் நேரம் கணக்கிலேயே வராது.

நம்ம பக்கத்து உதாரணம்: சொத்து வரி

சொத்து வரித் தளம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். உண்மையில் இயங்கும் எந்தத் தளத்தையும் நான் சொல்லவில்லை. அம்பத்தூரில் ஒரு வீடு, ஆவடியில் ஒரு மனை, பூந்தமல்லியில் ஒரு கடை வைத்திருப்பவர் ஒரே லாகினில் மூன்றையும் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான், ஆனால் உள்ளாட்சி அமைப்பு மூன்றும் வேற வேற. அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து அதன் 7ஆவது மண்டலம் ஆனது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. சென்னை மாநகராட்சியில் அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை. ஏப்ரல் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். கேஷ் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். கேஷில் கைவைக்கத் தோன்றுவதும் அந்தக் கடைசி வாரத்தில்தான், அவசரத்தில்.

இந்தத் தளத்தில் இருக்கிற தகவலை நான் நாலு கூடையாகப் பிரிப்பேன்.

முதல் கூடை, எல்லோருக்கும் பொது: கடைசித் தேதி, ஊக்கத்தொகை விதி, அடிக்கடி கேட்கும் கேள்விகள். சாவி: உள்ளாட்சி அமைப்பின் எண் + அரையாண்டு. ஊர்ப் பெயரை வைக்காதீர்கள். அம்பத்தூர் எந்த அமைப்பின் கீழ் வரும் என்பதற்கு 2011க்கு முன் ஒரு பதில், பின் ஒரு பதில்.

இரண்டாவது, பதவிக்குப் பொது: ஒரு மண்டல அலுவலர்கள் எல்லோரும் பார்க்கும் வார்டு வாரியான நிலுவைத் தொகை. சாவி: பதவி + மண்டலம்.

மூன்றாவது, ஆளுக்குத் தனி: என் சொத்துகள் எவை, என் ரசீதுகள். சாவியில் பயனர் எண் கட்டாயம்.

நாலாவது, கேஷ் பக்கமே போகக்கூடாதது: ஓடிபி, பணம் கட்டும்போது நடுவில் இருக்கிற நிலை. பணம் போச்சா இல்லையா என்று பதறி நிற்கிறவருக்கு ஐந்து நிமிடப் பழைய பதில் கொடுக்கக்கூடாது. அவர் இன்னொரு தடவை கட்டிவிடுவார்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒன்று புரியும். வேகம் பெரும்பாலும் முதல் கூடையிலிருந்து வருகிறது. அங்கே ஒரே பதிவு எல்லோருக்கும் பயன்படும். மூன்றாவது கூடையில் ஆளுக்கு ஒரு பதிவு. அவரே காலாவதி நேரத்துக்குள் மறுபடி கேட்டால்தான் பயன். வரி கட்ட வருகிறவர் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், கட்டுவார், போய்விடுவார். ஆளுக்கு 4 கேபி என்று வைத்தாலும் ஒரு லட்சம் பேருக்கு சுமார் 400 எம்பி நினைவகம். அதில் பெரும்பகுதி யாரும் திரும்பத் தொடாத சரக்காக இருக்கும். ஆகவே ‘ஆளுக்கு ஆள் கேஷ் வேணுமா?’ என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

சாவி செய்யும்போது கவனிக்க வேண்டியவை

அளந்து பார்த்து வேணும் என்றே முடிவானால், எனக்குப் பிடித்த வழி: பயனர் எண்ணை வாசல் வழியாக அனுப்புவது. கன்ட்ரோலரிலேயே லாகின் எண்ணை எடுத்து, வீடுகள்(பயனர்_எண்) என்று கூப்பிட்டுவிட்டால் தானாக உருவாகும் சாவியே சரியாக இருக்கும். மெத்தடின் பெயரைப் படித்தாலே எதைச் சார்ந்தது என்று புரியும். அப்படி மாற்ற முடியாத பழைய கோடாக இருந்தால், பயனர் எண்ணைச் சேர்த்துச் சாவி செய்யும் ஒரு பொது வகுப்பை எழுதி, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்தலாம்.

அதன் பிறகு சின்னச் சின்ன விஷயங்கள்:

பிரிப்பான் போடுங்கள். பயனர் 1, பக்கம் 23; பயனர் 12, பக்கம் 3. ஒட்டி எழுதினால் இரண்டும் ‘123’. இதுவும் ஆள்மாறாட்டம்தான்.

மொபைல் நம்பரைச் சாவியாக வைக்காதீர்கள். சிம்மைக் கைவிட்டால் அந்த நம்பர் வேறொருவருக்குப் போகும். ஒரு வீட்டில் அப்பா நம்பரையே எல்லோரும் கொடுத்திருப்பதும் உண்டு. டேட்டாபேஸில் இருக்கும் மாறாத பயனர் எண்தான் நல்லது.

செஷன் ஐடியும் வேண்டாம். ஒவ்வொரு லாகினுக்கும் புதுப் பதிவு உருவாகும். போனில் பணம் கட்டியதும் கணினியில் இருக்கும் செஷனின் பதிவைத் தேடி அழிக்க முடியாது. ரகசியமாக இருக்க வேண்டிய செஷன் ஐடி கேஷ் சாவியாக வெளியே சுற்றுவது அதைவிட மோசம்.

பயனர் யார் என்று தெரியாவிட்டால் நின்றுவிடுங்கள். லாகின் காலாவதியாகி பயனர் ‘நல்’ ஆனால், ‘நல்’ என்ற சாவியின் கீழ் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அங்கே பிழை எறிவதுதான் சரி.

விடியற்காலையில் கேஷைச் சூடாக்கும் பின்னணி வேலைகளைக் கவனியுங்கள். அந்த வேலை அட்மின் பெயரில் ஓடினால், அட்மின் பார்க்கும் பதில் கேஷில் ஏறும். சாவியில் பயனர் இல்லையென்றால், காலையில் முதலில் வருகிற சாதாரணப் பயனருக்கே அட்மின் பார்வை கிடைக்கும்.

ஆளைக் கேஷ் பண்ணாமல் பொருளைக் கேஷ் பண்ணுவது

அழிக்கும் நேரம் வரும்போதுதான் ஆள்வாரிக் கேஷின் உண்மையான சிரமம் தெரியும். கணவனும் மனைவியும் கூட்டாக வைத்திருக்கும் வீடு. இரண்டு பேருக்கும் தனித்தனி லாகின். மனைவி ஏப்ரல் 28 அன்று வரியைக் கட்டிவிட்டார். தளம் அவருடைய பதிவை அழித்துவிட்டது. கணவர் லாகின் செய்தால் நிலுவை அப்படியே நிற்கிறது. “என்னம்மா, கட்டிட்டேன்னு சொன்ன?” என்று ஆரம்பித்து, கடைசித் தேதி போய்விடப் போகிறதே என்று அவரும் கட்டிவிடுகிறார். இரண்டு தடவை கட்டிய பணத்தைச் சரிக்கட்ட அதற்கப்புறம் அலைய வேண்டும்.

இதற்கு நல்ல தீர்வு, கேள்வியை இரண்டாக உடைப்பது. ‘இந்த வீட்டுக்கு எவ்வளவு நிலுவை?’ என்பது வீட்டைப் பற்றிய உண்மை. அது யார் கேட்டாலும் மாறாது. அதை வீட்டு எண்ணைச் சாவியாக வைத்துக் கேஷ் பண்ணலாம். ‘இந்த வீட்டைப் பார்க்க இவருக்கு உரிமை இருக்கிறதா?’ என்பது ஆளைப் பற்றியது. அதை ஒவ்வொரு தடவையும், கேஷைத் தொடுவதற்கு முன்னால், நேராகச் சோதிக்க வேண்டும். யார் பணம் கட்டினாலும் அழிக்க வேண்டியது வீட்டுப் பதிவு ஒன்றுதான். கணவர், மனைவி, அலுவலர் எல்லோருக்கும் புதுப் பதில் கிடைக்கும்.

வரிசை முக்கியம். உரிமைச் சோதனை கேஷ் போட்ட மெத்தடுக்கு உள்ளே இருந்தால், கேஷில் பதில் கிடைத்தவுடன் அந்த மெத்தட் ஓடவே ஓடாது. சோதனையும் ஓடாது. வாட்ச்மேனை வீட்டுக்குள்ளே உட்கார வைத்துவிட்டு கேட்டைத் திறந்து வைத்த மாதிரி.

ஒரு கோரிக்கைக்கு மட்டும் ஞாபகம்

பல நேரம் தேவை அதைவிடச் சின்னது. ஒரே பக்கத்தில் மேல்பட்டை, பட்டியல், மொத்தத் தொகை மூன்றும் வீடுகள்(பயனர்_எண்) மெத்தடைத் தனித்தனியாகக் கூப்பிடுகின்றன. மூன்று தடவை டேட்டாபேஸ். இதற்கு ரெடிஸ் எதுவும் தேவையில்லை. அந்த ஒரு கோரிக்கை உயிரோடு இருக்கும்வரை மட்டும் பதிலை வைத்திருந்து, பக்கம் போனதும் மறந்துவிட்டால் போதும். ஒரு கோரிக்கைக்கு ஒரே பயனர்தான் என்பதால் ஆள் மாற வழியில்லை, பழைய பதில் தங்கவும் வழியில்லை. ஆள்வாரிக் கேஷ் என்று யோசிக்கிறவர்கள் முதலில் இங்கே ஆரம்பிக்கலாம். நிறையப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

வெளியே இருக்கும் கேஷ்கள்

மெத்தடைச் சரியாக எழுதினாலும், வெளியே சிடிஎன், ப்ராக்ஸி, பிரவுசர் என்று இன்னும் மூன்று பேர் சீட்டு எழுதி ஒட்டக் காத்திருக்கிறார்கள். ஸ்டீமில் நடந்தது இந்த அடுக்கில்தான். எச்டிடிபி கேஷ் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9111 (2022 ஜூன்), ‘ஆத்தரைசேஷன்’ தலைப்போடு வந்த கோரிக்கையின் பதிலை, வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, பொதுக் கேஷ் மற்றவருக்குக் கொடுக்கக்கூடாது என்கிறது. ஆனால் நம்முடைய பெரும்பாலான தளங்கள் லாகினைக் குக்கியில் வைக்கின்றன. குக்கிக்கு அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. ‘கேஷ்-கன்ட்ரோல்’ தலைப்பில் ‘பிரைவேட்’ அல்லது ‘நோ-ஸ்டோர்’ என்று நாமேதான் சொல்ல வேண்டும்.

பிரைவேட் என்றால் பொதுக் கேஷில் வைக்காதே, பிரவுசரில் வைக்கலாம் என்று அர்த்தம். நோ-ஸ்டோர் என்றால் எங்கேயும் வைக்காதே. நம்மூரில் இந்த வித்தியாசம் பெரிசு. பலர் இந்த வேலைகளை இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ போய்த்தான் செய்கிறார்கள். ஒருவர் லாகவுட் பண்ணிவிட்டு எழுந்துபோவார், அடுத்தவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து ‘பேக்’ அழுத்துவார். சொந்தப் பக்கங்களுக்கு நோ-ஸ்டோர் போடுவதுதான் நல்லது.

சட்டமும் வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ‘கேஷ் பிரச்சினைங்க’ என்பது இனி பதில் ஆகாது.

எப்படிச் சோதிப்பது

இந்தப் பிழை டெவலப்பர் லேப்டாப்பில் தெரியாததற்குக் காரணம், அங்கே பயனர் ஒரே ஆள். தானியங்கிச் சோதனைகளிலும் தெரியாது. வேகத்துக்காகவோ குழப்பம் வேண்டாம் என்றோ கேஷை அணைத்து வைத்திருப்பார்கள். இரண்டு பயனரும் உயிருள்ள கேஷும் சேர்கிற முதல் இடம், நிஜத் தளம்.

அதனால் ஒரு சோதனையாவது இப்படி இருக்கட்டும். கேஷ் இயங்க வேண்டும், சர்வரை நடுவில் நிறுத்தக்கூடாது. பயனர் ‘அ’ லாகின் செய்து எல்லாச் சொந்தப் பக்கத்தையும் திறக்கட்டும். பிறகு ‘ஆ’ அதே பக்கங்களைத் திறக்கட்டும். ‘ஆ’வுக்கு வந்த பதிலில் ‘அ’வின் பெயரோ வீட்டு எண்ணோ எங்கேயாவது இருந்தால் சோதனை தோல்வி. மறுபடி ‘அ’ வந்து பார்க்கட்டும். கடைசியாக, லாகின் செய்யாத ஒருவர் அதே முகவரிகளைத் திறக்கட்டும். நாலே படி.

கோடை மறுபார்வை செய்கிறவர்களுக்கு இன்னும் சுருக்கமான வழி உண்டு. கேஷ் குறி போட்ட ஒவ்வொரு மெத்தடையும் எடுத்து, அதன் கேள்வியைத் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். வாக்கியத்தில் ‘என்’, ‘எனக்கு’, ‘நான்’ என்று ஏதாவது வந்தால், அந்த இடத்தில் ஒரு பயனர் எண்ணை வைத்து மறுபடி சொல்லுங்கள். அந்த எண் சாவியில் இல்லையென்றால் குறியை எடுத்துவிடுங்கள். பக்கம் கொஞ்சம் மெதுவாக வரட்டும், பரவாயில்லை.